இரண்டாம் புத்தகத்தில் தொடங்குவது

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் என் வாசிப்பு.

இந்த வருடம் 31 புத்தகங்கள் முடித்தேன். பெரும்பாலும் ஃபேன்டஸி. போன வருடம் வரை பெயர்கூடத் தெரியாத எழுத்தாளர்கள் இன்று எனக்குப் பிடித்தவர்கள் ஆகிவிட்டார்கள். உர்சுலா லெ க்வினின் எர்த்ஸீ முதல் மூன்று நாவல்கள் (நான்காவது வெறும் சமையலும் ஆடு மேய்ப்பதுமாகப் போகிறது என்று நான் பார்க்கும் யூடியூபர் சொன்னதால் விட்டுவிட்டேன்), ராபின் ஹாபின் ஃபார்சீயர் மூன்று, பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் மூன்று. எல்லாவற்றையும் சரியான வரிசை பார்த்துத்தான் படித்தேன். குழப்பம் வராமல் இருக்கப் போனில் விக்கியைத் திறந்து வைத்துக்கொள்வேன். எக்ஸெல்லில் ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். ஹாபுக்கும் சாண்டர்சனுக்கும் ஐந்து. என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' நாவலை எல்லாரும் கொண்டாடுகிறார்கள், ஆனால் அந்தத் திருப்பம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விக்கியில் முன்பே பார்த்துவிட்டேன். மூன்று நட்சத்திரம். ஸ்டீவன் எரிக்சனின் 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' எண்பது பக்கம் தாண்டவில்லை. யார் யார் என்றே சொல்லாமல் கதை போகிறது.

அடுத்த வருடத்துக்கு ஐந்து எழுத்தாளர்களை வரிசைப்படுத்திச் சொல்ல முடியுமா? மார்ட்டின், ராத்ஃபஸ் போல முடியாமல் நிற்கும் தொடர்களைத் தொடங்கலாமா? பஸ்ஸில் பக்கத்து சீட் அண்ணன் ஒருவர், 'இந்த வயசுல மந்திரக் கதையா?' என்று கேட்கிறார். தமிழில் இப்படித் தொடர்கள் ஏன் இல்லை, நான் ஆங்கிலத்திலேயே படித்துக்கொண்டிருப்பது சரியா என்றும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

விடிந்தும் விடியாத நேரத்தில், பஸ் முழுக்க வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் ராபின் ஹாப் படித்துக்கொண்டு குருபரப்பள்ளியைத் தாண்டுகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

பக்கத்து சீட் அண்ணனை விட்டுத்தள்ளுங்கள். அவர் போனில் என்ன பார்க்கிறார் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். யாரோ யாரையோ பறந்து பறந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். தமிழில் ஏன் இல்லை என்பது பெரிய பேச்சு. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளத்தைப் படித்து வளர்ந்த தலைமுறை ஏன் பெரியவர்களுக்கு அப்படி எழுதவில்லை என்று தனியாகத்தான் எழுத வேண்டும். இன்று அதற்கு மனமில்லை. குற்ற உணர்ச்சி மட்டும் வேண்டாம். அதனால் ஒரு பக்கம்கூட நகராது.

முடியாத தொடர்கள் பற்றி. மார்ட்டினின் ஐந்தாம் புத்தகம் வந்தது 2011இல். ராத்ஃபஸின் இரண்டாம் புத்தகமும் அதே 2011இல். இரண்டு பேருக்கும் அடுத்தது இன்னும் வரவில்லை. வாசகர்கள் வாரம் தவறாமல் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் தருமபுரிக்காரன், எனக்கு இதில் கோபமே வருவதில்லை. எங்கள் ஊர்க் கதை தகடூர் யாத்திரை. பெருஞ்சேரல் இரும்பொறை படையோடு வந்து அதியமானின் தகடூரை அழித்த போரைச் சொன்ன நூல், பாட்டும் உரையும் கலந்தது. முழு நூல் தொலைந்துபோய்விட்டது. புறத்திரட்டில் எடுத்துக் கோத்த பாடல்கள், தொல்காப்பிய உரைகளில் வரும் மேற்கோள்கள், அவ்வளவுதான் மிச்சம். அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்த ஔவையின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஜெயித்தவன் பக்கம் நின்று அரிசில் கிழார் பாடிய பத்துப் பாட்டு பதிற்றுப்பத்தில் இருக்கிறது. நெல்லிக்கனி இருக்கிறது, அவன் செத்த பிறகு அழுத அழுகையும் இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய போர்தான் இல்லை. மார்ட்டின் வாசகர்களாவது காத்திருக்கலாம். தாராளமாகத் தொடங்குங்கள்.

நிற்க. உங்கள் கேள்விகளுக்காக மட்டும் இந்தப் பதிலை எழுத உட்காரவில்லை. சரியான வரிசை என்றும் விக்கி என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது என்னைத் தைத்துவிட்டது. தருமபுரி புத்தகத் திருவிழாவில் ஒரு பையன் ஏதோ ஒரு தொடரின் மூன்றாம் பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அட்டையில் டிராகன். முதல் பாகம் அந்தக் கடையில் இல்லை. 'ஒண்ணாவது இல்லாம இது எதுக்குடா?' என்று அவன் அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். குறுக்கே போய்ப் பேசலாமா என்று யோசிப்பதற்குள் அவர்கள் டெல்லி அப்பளக் கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் ஜெமிசின். 'தி ஃபிஃப்த் சீசன்' தொடங்கிவைக்கும் தொடரின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று வருடம் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது வாங்கியவை. அப்படி அதற்கு முன்னால் யாரும் வாங்கியதில்லை. விருதை விடுங்கள். அந்த முதல் நாவலில் மூன்று பெண்களின் கதை மாறி மாறி வருகிறது. ஒருத்தியின் கதை 'நீ' என்று முன்னிலையில் சொல்லப்படுகிறது. ஏன் ஒருத்திக்கு மட்டும் அப்படி என்று ஒவ்வொரு அத்தியாயமும் உறுத்தும். அந்த உறுத்தலோடு பாதிப் புத்தகத்துக்கு மேல் நடக்க வேண்டும். அதற்காகத்தான் ஆசிரியர் அப்படிக் கட்டியிருக்கிறார். நீங்கள் அந்த உறுத்தல் தாங்காமல் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பம் பெரிதாக இல்லை என்று மூன்று நட்சத்திரம் போடுகிறீர்கள். பாவம் அம்மா அந்த ஜெமிசின். உங்களிடம் வந்து இரண்டு நட்சத்திரத்தைப் பறிகொடுத்திருக்கிறார்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று புரிய, ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயதுக்குள்தான் இருக்கும். பென்னாகரம் பக்கம் பெரியம்மா ஊரில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பாரதம் என்றால் தெரியுமல்லவா, திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள். மதியத்துக்கு மேல் ஆர்மோனியத்தோடு பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி நாட்கள் முடிந்துவிட்டன. அன்று இரவு விராட பர்வம். அதற்கு முன்னால் நான் கூத்தே பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கதை சொல்ல ஆளும் இல்லை. பாய், கம்பளி, ஒரு தூக்கில் வறுத்த நிலக்கடலை. பெரியம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒரு ஆள் புடவை கட்டி, முழங்கால் வரை சடை தொங்க ஆடிக்கொண்டு வந்தார். அரிதாரத்துக்கு அடியில் மழித்த மீசை பச்சையாகத் தெரிந்தது. அரண்மனையில் இளவரசிக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவராம். கட்டியங்காரன் அவரை வைத்து அடித்த கேலிக்கெல்லாம் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம், ஊர் மாட்டு மந்தையை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சேதி வந்தது. உத்தரன் என்று ஒரு இளவரசன் பெரிய வீரம் பேசிக்கொண்டு கிளம்பினான். தேரோட்ட வேறு ஆளில்லாமல் அந்த நாட்டியக்காரரையே கூட்டிக்கொண்டு போனான். எதிரே நிற்கும் படையைக் கண்டதும் உத்தரனுக்கு உதறல் எடுத்துவிட்டது. தேரிலிருந்து குதித்து ஓடினான். நாட்டியக்காரர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விரட்டிப் போய், அவன் முடியைப் பிடித்து இழுத்து வந்து, 'நீ தேரை ஓட்டு, சண்டையை நான் போடுகிறேன்' என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

'இது யாரு பெரிம்மா?'

'பாருடா. தெரியும்.'

வன்னிமரத்துக்குப் பதிலாக ஒரு வேப்பங்கிளையை நட்டு, அதில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டையைக் கட்டியிருந்தார்கள். உத்தரன் ஏறி எடுத்து அவிழ்த்தான். உள்ளே வில். கூட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரிசுகள் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்தார்கள். உத்தரன் கை நடுங்க, 'யாரய்யா நீ?' என்று கேட்டான். அவர் சடையைப் பின்னால் தள்ளிவிட்டு, பார்த்தன், விஜயன், தனஞ்செயன் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல மத்தளம் ஏறிக்கொண்டே போனது. என் முதுகெல்லாம் சில்லிட்டது.

அந்த மைதானத்தில் அது அர்ச்சுனன் என்று எல்லாருக்கும் முதலிலேயே தெரியும். தெரியாதவர்கள் இரண்டே பேர். மேடையில் உத்தரன், பாயில் நான்.

(மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே நிஜ மாடுகளை ஓட்டி மாடுபிடி சண்டை. ஒரு கிடாரி மிரண்டுபோய்க் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கிவிட்டது. கொல்லைக்காரருக்கும், கிரீடத்தைக்கூடக் கழற்றாத துரியோதனனுக்கும் நடந்த வாய்த்தகராறு, இரவு பார்த்த கூத்தைவிட நன்றாக இருந்தது.)

இப்போது யோசித்துப் பாருங்கள். பெரியம்மா, 'இவன்தான் அர்ச்சுனன், சூதாட்டத்தில் தோற்றுப் பன்னிரண்டு வருஷம் காட்டில் இருந்துவிட்டு, பதின்மூன்றாவது வருஷம் ஒளிந்திருக்கிறான்' என்று அப்போதே சொல்லியிருந்தால்? நானும் அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்களில் ஒருவனாக உட்கார்ந்து கடலை மென்றிருப்பேன். அவள் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது உங்கள் யூடியூபருக்குத் தெரியவில்லை.

சூதாட்டம் எனக்கு அடுத்த வருஷம் வேறொரு ஊரில் தெரிந்தது. கர்ணன் யார் என்று அதற்கும் பிறகு. பாஞ்சாலிக்கு ஏன் ஐந்து பேர் என்று கேட்டு அடி வாங்கியது எப்போது என்று நினைவில்லை. பாரதத்தை ஆதி பர்வத்திலிருந்து வரிசையாகத் தெரிந்துகொண்ட ஒரே ஒருவரை இந்த இரண்டு மாவட்டத்திலும் காட்டுங்கள், பார்க்கலாம். வியாசர் பாரதமே அப்படி வரிசையாகத் தொடங்கவில்லை. போரெல்லாம் முடிந்து, அர்ச்சுனனின் கொள்ளுப்பேரன் ஜனமேஜயன் பாம்புகளை நெருப்பில் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் கதை சொல்லவே ஆரம்பிக்கிறார்கள்.

கல்லூரிக் காலத்தில் என் மாமா ராமநகரத்துக்குப் பட்டுக்கூடு ஏற்றிக்கொண்டு போவார். துணைக்குப் போனால் திரும்பும்போது பெங்களூரில் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் அரை மணி நேரம் விடுவார். அங்கே முன்னட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. 'தி டூம்ஸ் ஆஃப் அதுவான்'. 1971இல் வந்தது. அது எர்த்ஸீயில் இரண்டாம் புத்தகம் என்று உள்ளே எங்கோ போட்டிருந்திருக்கும், நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் முதல் புத்தகத்துக்கு எங்கே போவேன்?

உங்களுக்குக் கதை தெரியும். ஐந்து வயதில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, பெயரைப் பறித்துக்கொண்டு, மண்ணுக்கடியில் இருக்கும் பெயரற்ற சக்திகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்படும் பெண். நிலவறையில் விளக்கே கூடாது. சுவரை விரலால் தடவி, திருப்பங்களை மனசுக்குள் எண்ணி நடக்கப் பழகியவள். அந்த இருட்டுதான் அவளுடைய சொத்து, அதிகாரம், எல்லாம். ஒரு நாள் அவள் அங்கே போகிறாள், வெளிச்சம் இருக்கிறது. கைத்தடி முனையில் மங்கலாக ஒரு ஒளி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். கறுத்த முகம், கன்னத்தில் தழும்பு.

முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அந்த இடத்தில் என்ன நடக்கும்? 'அட, நம்ம கெட்!' அவ்வளவுதான். நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார். இவன் பெரிய மந்திரவாதி, நிழலையே ஜெயித்தவன், எப்படியும் வெளியே வந்துவிடுவான். அவன் கழுத்தில் தொங்கும் உடைந்த வெள்ளித் துண்டு எங்கே கிடைத்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். அவள் அவனை உள்ளே வைத்துப் பூட்டி, சுவர் ஓட்டை வழியாக அவன் தண்ணீரில்லாமல் துவளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றை அவர் அவன் பக்கம் நின்று படிப்பார். நான் அவள் பக்கம் நின்று படித்தேன். எனக்கு அவன் திருடன். எங்கள் இருட்டுக்குள் விளக்கோடு நுழைந்தவன். சாகட்டும் என்றுதான் நினைத்தேன், உண்மையாக. அப்புறம் அவள் மனசு மாற மாற என் மனசும் மாறியது, அவள் வேகத்திலேயே. லெ க்வின் அந்தப் புத்தகத்தை அவள் கண்ணிலிருந்து எழுதியதன் முழுப் பலனும் எனக்குக் கிடைத்தது. வரிசையாக வந்த உங்களுக்கு அதில் பாதிதான் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

முதல் புத்தகம் பல வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது. ரொம்பக் கண்டிப்பான ஒரு பெரியப்பா இளவயதில் வீட்டைவிட்டு ஓடிப்போனவர் என்று ஒரு கல்யாண வீட்டில் காதில் விழுமே, அந்த மாதிரி இருந்தது. அந்த நிதானமான மனிதனா இப்படித் திமிர் பிடித்து ஆடினான் என்று சிரித்துக்கொண்டே படித்தேன். நீங்கள் அதை ஒரு பையன் வளரும் கதையாகப் படித்திருப்பீர்கள். நான் அந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் கதையாகப் படித்தேன்.

அவர் அந்த வரிசையில்தானே எழுதினார் என்று கேட்பீர்கள். எழுதுகிறவர் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் எழுத முடியும், வேறு வழியில்லை. அது அவர் பாடு. படிக்கிற நமக்கு அந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது? தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள், போயிருக்கிறீர்களா? மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், உடம்பில் அம்பு தைத்திருக்கிறது, ஓரத்தில் விரல் அளவுக்கு மாடுகள். சில கல்லில் எழுத்து இருக்கும், பல கல்லில் அதுவும் கிடையாது. அவன் யார் மகன், எந்த மாடு, யார் ஓட்டிப்போனது, ஒன்றும் தெரியாது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, இதற்கு முதல் பாகம் எங்கே என்று யாராவது கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்களா? எங்கள் பக்கத்தில் அதற்கும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

சாண்டர்சனுக்கு மட்டும் இதில் விலக்கு. மிஸ்ட்பார்னை நடுவில் தொடங்கினால் ஒன்றுமே மிஞ்சாது. அவர் விதியை முதலில் சொல்லி, அந்த விதியை வைத்தே முடிச்சை அவிழ்க்கிறவர். அவர் ஆட்கள் உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் எரித்துச் சக்தி பெறுகிறவர்கள். இரும்பை எரித்தால் இழுக்கும், எஃகை எரித்தால் தள்ளும் என்று கணக்குச் சுத்தமாக இருக்கும். (உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022இல் அறிவித்தார்கள். 4200 வருடமாக இரும்போடு இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், ஒருவருக்கும் அதை விழுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.) நேர்த்தியான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் நுழைந்தாலும் தாங்குகிற உலகம் ஒன்று, தாங்காத உலகம் ஒன்று. ஹாபுக்கும் அவருக்கும் ஒரே ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பதைப் பார்த்தால், அந்த வித்தியாசத்தை உங்கள் எக்ஸெல் பிடிக்கவில்லை என்று தெரிகிறது.

எரிக்சனுக்கு வருகிறேன். அவர் தொல்லியலும் மானுடவியலும் படித்தவர். மண்ணைத் தோண்டுகிறவருக்குக் கதை கடைசியிலிருந்துதான் கிடைக்கும். மேலடுக்கில் நேற்றைய சாம்பல், கீழே போகப் போகத்தான் வீடு கட்டியவன். 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' 1999இல் வந்தது, பத்துப் புத்தகம் 2011இல் முடிந்தது. அந்த முதல் புத்தகமே ஏதோ ஏழாவது புத்தகம் போலத்தான் தொடங்கும். ஒரு முற்றுகை முடிகிற சமயத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவார், யார் யாருக்கு என்ன பகை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். புத்தகத்தின் முன்னால் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, அதையும் புரட்டாதீர்கள். எண்பது பக்கத்தில் விட்டீர்களே, இருநூறு வரைக்கும் முட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். எனக்கே எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அவர் வேண்டுமென்றே அலட்டுகிறார். ஆனால் இரண்டாம் புத்தகத்தில் ஒரு பாலைவன நடை வருகிறது, அதற்காக முதல் புத்தகத்தின் எல்லாத் தலைவலியையும் பொறுத்துக்கொள்ளலாம். அல்லது நேராக அந்த இரண்டாம் புத்தகத்துக்கே போங்கள். 'டெட்ஹவுஸ் கேட்ஸ்'. வேறு கண்டம், பெரும்பாலும் வேறு ஆட்கள். நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், எரிக்சன் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

ஹாபில் நீங்கள் அடுத்துப் போக வேண்டியது லிவ்ஷிப் மூன்று நாவல்கள், 1998 முதல் 2000 வரை வந்தவை. அவற்றை விட்டுவிட்டு நேராக ஃபார்சீயர் நாயகன் ஃபிட்ஸின் கதைக்கே தாவலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கடல், பேசுகிற மரக்கப்பல்கள், வியாபாரக் குடும்பங்களின் கடன் தொல்லை. நடுவில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடு இருங்கள். இதற்கு மேல் சொன்னால் நானும் விக்கி ஆகிவிடுவேன்.

அந்த நான்காவது எர்த்ஸீ. 'டெஹானு', 1990. மூன்றாவது வந்து பதினெட்டு வருஷம் கழித்து லெ க்வின் திரும்பி வந்து எழுதியது. நெபுலா விருது வாங்கியது. சமையலும் ஆடு மேய்ப்பதும் என்று யூடியூபர் சொன்னாரா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நிலவறையிலிருந்து வெளியே வந்த அந்தப் பெண் ராணியாகவோ மந்திரவாதியாகவோ ஆகாமல், ஒரு குடியானவனைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, விதவையாகி, தீயில் கருகிய யாரோ ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். உலகத்தையே காப்பாற்றிய கெட், சக்தி எல்லாம் தீர்ந்துபோய், வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டு மலையில் ஆடு மேய்க்கிறான். ஒரு மந்திரவாதியைக் கையாலாகாதவனாக்கி, அவனுக்கு ஒரு வீட்டு வேலையும் ஒரு பெண்ணின் துணையும் கொடுத்து, இதுவும் கதைதான் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நீங்களா ஆடு மேய்க்கிறான் என்று கேட்டதும் வேண்டாம் என்றீர்கள்? உங்கள் தாத்தா எத்தனை ஆடு வைத்திருந்தார் என்று வீட்டில் கேளுங்கள். அந்த யூடியூபருக்கு நாலு ஆட்டைக் கொடுத்து ஒரு நாள் மேய்க்க அனுப்ப வேண்டும்.

நாளைக்கே அதைத் தொடங்குங்கள். வருட முடிவு வரை காத்திருக்க வேண்டாம்.

ஐந்து பேர் கேட்டீர்கள். மிச்சம் இரண்டு பேரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுசன்னா கிளார்க், 'பிரனேசி', 2020. சின்னப் புத்தகம், தொடரும் இல்லை. முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது, அங்கே ஒருவன் குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கிறான். தான் யார் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. அதைப் படிக்கும்போது போனைத் தொட்டீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்கு இனி பதிலே எழுத மாட்டேன். அப்புறம் டெர்ரி பிராட்செட். ஆமை மேல் நாலு யானை, யானைகள் மேல் தட்டையாக உலகம், நமக்கு இது புதிதில்லை. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். அதற்கும் எதிலிருந்து எதற்குப் போவது என்று அம்புக்குறி போட்டு வரைபடம் தயாரித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல், கையில் எது அகப்படுகிறதோ அதை எடுங்கள்.

எக்ஸெல்லை அழிக்கச் சொல்லவில்லை. நட்சத்திரப் பத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள். புரியவில்லை, யார் யார் என்றே தெரியவில்லை என்று நாற்பது பக்கத்திலும் எண்பது பக்கத்திலும் நீங்கள் மூடிவைத்த புத்தகங்கள் எரிக்சன் தவிர வேறும் இருக்கும். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷத்துக்கு உங்களுக்கு எது பிடிக்கும் என்று அதிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்